இரண்டு ஹிஜ்ரத்

ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினார் என்றால் நமது பத்திரிகைகளில் படத்துடன் செய்தி வரும். பழைய பெயர் இன்னது, புதிய பெயர் இன்னது, கலிமா சொல்லிக் கொடுத்தவர் இன்னார் என்று நாலு வரி. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டி விடுவோம். கலிமா சொன்னவர் பெண்ணாக இருந்தால், அன்றிரவு அவள் எந்த வீட்டில் படுத்தாள், அடுத்த மாதம் யார் அவளுக்கு வாடகை கொடுத்தார்கள், அவள் பெற்ற பிள்ளை யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் செய்தியில் வருவதில்லை. நானும் அந்த நாலு வரியோடு திருப்திப்பட்டவள்தான். நுகேகொடையில் எங்கள் வீட்டுப் பின்பக்க அறைக்கு ஒரு சிங்களச் சகோதரி வாடகைக்கு வந்த பிறகுதான் ஐந்தாவது வரி என்ற ஒன்று உண்டென்பதே எனக்குத் தெரிந்தது.

அவளுடைய கதைக்கு வருவதற்கு முன், 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தைச் சொல்ல வேண்டும். அந்த மாதத்தில் நமது வீடுகளில் ஒரே பேச்சு, தமிழ்நாட்டுப் பேராசிரியர் பெரியார்தாசன் ரியாத்தில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் ஆகிவிட்டார் என்பதுதான். நாத்திக மேடைகளில் முழங்கியவர், 'கருத்தம்மா' படத்தில் தகப்பனாக நடித்தவர், உம்ரா செய்துவிட்டு வந்து மேடை மேடையாகப் பேசினார். அவருடைய பேச்சு இறுவட்டுகளாக வெள்ளவத்தையிலிருந்து காத்தான்குடி வரை கைமாறியது. 2013இல் அவர் காலமாகும் வரைக்கும் அந்த மரியாதை அவருக்கு இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

அதே மாதத்தின் மூன்றாம் வாரத்தில், இங்கே கொழும்பில் வேறொருவர் கைதானார். சாரா மாலினி பெரேரா என்பது அவர் பெயர். பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவர். பல ஆண்டுகளாக பஹ்ரைனில் வாழ்ந்து வந்தவர். 1999இல் இஸ்லாத்துக்கு வந்தவர். தான் ஏன் மாறினேன் என்பதைச் சிங்களத்தில் இரண்டு நூல்களாக எழுதியிருந்தார். ஒன்று இருளிலிருந்து ஒளிக்கு வந்த கதை, மற்றது கேள்வி பதில். விடுமுறைக்குத் தாய்நாட்டுக்கு வந்த இடத்தில், அந்த நூல்களுக்காகவே அவர் பிடிக்கப்பட்டார். யுத்தம் முடிந்து பத்து மாதமாகியும் அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த நாட்கள் அவை. அரசுக்கு விரோதமான செயல் என்றார்கள். பௌத்தத்தை நிந்திக்கும் வரிகள் இருக்கின்றன என்றார்கள். பொதுத் தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இருக்கவில்லை. அதே வாரத்தில்தான் ஏகோன் என்ற பாடகரின் பாட்டுக் காட்சியொன்றில் புத்தர் சிலை தெரிந்தது என்று கூட்டமொன்று போய்த் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்குக் கல்லெறிந்தது. அவருக்குக் கொடுக்க இருந்த விசாவையும் அரசாங்கம் மறுத்தது. அப்படியான ஒரு வாரம்.

சாரா பின்னர் விடுவிக்கப்பட்டார். ஆனால் அவருக்காக மேடை போட்டவர்களை நான் காணவில்லை. ஆண் மதம் மாறினால் அறிவு தெளிந்து மாறினான் என்பார்கள். பெண் மாறினால் யாரோ மாற்றிவிட்டார்கள் என்பார்கள். அதிலும் சிங்களப் பெண், அதையும் எழுதி வைத்த பெண் என்றால் சொல்லவே வேண்டாம். எழுத்துக்காக உள்ளே போனது அவரோடு முடியவுமில்லை. 2019இல் சிறுகதை எழுதிய சக்திக சத்குமார உள்ளே போனார். 2020 மே மாதத்தில் சிலாவத்துறைக் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் ஒரு கவிதைத் தொகுதிக்காக உள்ளே போனார். பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது, நிரபராதி என்ற தீர்ப்பு வர 2023 டிசம்பர் ஆனது. நூலில் பிழையிருந்தால் மறுத்து இன்னொரு நூல் எழுதலாம். அதற்கு விலங்கு எதற்கு என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

நமது நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைப் பெண்களாகிய நாமும் அறிந்து வைத்திருப்பது நல்லது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த 10ஆம் உறுப்புரைதான் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு மனிதருக்கும் சிந்தனைச் சுதந்திரம், மனச்சாட்சிச் சுதந்திரம், மதச் சுதந்திரம் உண்டு; தாம் விரும்பிய மதத்தை வைத்திருக்கவும், புதிதாக ஏற்கவும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். மற்ற உரிமைகள் பலவற்றுக்குத் தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று கடிவாளம் போட்டிருக்கிறார்கள். இதற்கு அந்தக் கடிவாளம் கிடையாது. 2004இல் கட்டாய மதமாற்றத்தைத் தடுப்பதாக ஒரு சட்டமூலம் வந்தபோது, அதன் சில வாசகங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அது சட்டமாகவில்லை. ஆகவே ஏட்டில் நம் நாட்டுப் பெண்ணுக்குக் குறைவில்லை. வீட்டிலும் ஊரிலும்தான் குறை.

எங்கள் பின்னறைக்கு வந்தவளின் குறையும் அதுவே. 2009ஆம் ஆண்டு நோன்பு காலத்துக்குச் சற்று முன் வந்தாள். குருநாகல் பக்கத்துக் கிராமம். புருஷன் விட்டுப் போனவன். பெண்குழந்தை ஒன்றைத் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போயிருந்தாள். அங்கே படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைப் பராமரிப்பது வேலை. அந்தக் கிழவி தொழுகைக்கு வுளூச் செய்ய இவள்தான் தண்ணீர் ஊற்றுவாளாம். ஐந்து வேளையும் ஊற்றி ஊற்றி, ஒரு நாள் "எனக்கும் இதைச் சொல்லித் தாருங்கள்" என்று கேட்டாளாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, சம்பளமும் கூடவில்லை. இதை அவள் எங்கு போனாலும் முதலில் சொல்லிவிடுவாள். ஏனெனில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

ஊருக்குத் திரும்பியதும் தலையில் முந்தானையைக் கண்டு அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிட்டான். அவள் அனுப்பிய காசில் கட்டிய வீடு அது. தாய் அழுதாளாம், ஆனால் அண்ணன் சொல்லை மீறவில்லை. "அந்தத் துணியைக் கழற்றிவிட்டு உள்ளே வா. இல்லாவிட்டால் பிள்ளையைப் பார்க்க வராதே" என்பதே தீர்ப்பு. பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு தரம் அடியும் பட்டிருக்கிறாள். இடது புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு இருந்தது. பொலிஸுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "அண்ணன்தானே அக்கா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அவள் என்னை அக்கா என்பாள், நான் நங்கி என்பேன். காலையில் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, ஒரு தையற்கூடத்துக்கு வேலைக்குப் போய், அஸர் கழிந்து வருவாள். தெல்கந்தைச் சந்தைக்கு இருவருமாகப் போவோம். சாரா கைதான செய்தி வந்த அன்று, குவைத்திலிருந்து கொண்டுவந்த சிங்களத் தர்ஜுமா ஒன்றையும் சில சின்னப் புத்தகங்களையும் பழைய சாரத்தில் சுற்றி எங்கள் வீட்டு அலுமாரியின் அடியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். அல்லாஹ்வின் கலாமை ஒருத்தி திருட்டுப் பொருள் போல் கைமாற்ற வேண்டியிருந்ததே என்று அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

இதுவரை சொன்னது மற்றவர்கள் செய்தது. இனி நாம் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும், சகோதரிகள் கோபிக்கக் கூடாது.

பெண்களுக்கான மார்க்க வகுப்பு ஒன்றுக்கு அவளைக் கூட்டிப் போனேன். வரவேற்பு பலமாகத்தான் இருந்தது. கட்டிப்பிடித்தார்கள், அபாயா கொடுத்தார்கள், சாப்பாட்டில் கையைப் பிடித்து இருத்தினார்கள். ஆனால் அந்த நாளிலிருந்து அவளுக்குப் பெயரே இல்லாமல் போய்விட்டது. "மௌலா இஸ்லாம் வந்திருக்கா", "அந்த மௌலா இஸ்லாத்துக்கும் ஒரு சஹன் வைங்க" என்றே பேச்சு. இரண்டு வருஷம் தொழுது நோன்பு பிடித்த பிறகும் அதே பேச்சு. நோன்பு வந்தால் ஸகாத் சாரியும் பேரீச்சம் பழமும் வரும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இறைச்சிப் பங்கு வரும். பெருநாளன்று தங்கள் வீட்டு மேசையில் வந்து உட்காரச் சொல்லி அழைத்தவர்கள் இரண்டு வீட்டார்தான். ஏழைக்குக் கொடுப்பது வேறு, உறவாக்கிக் கொள்வது வேறு.

பிறகு கலியாணப் பேச்சுகள். வந்த மூன்றும் இரண்டாந் தாரம். அதில் ஒருவருக்கு அறுபத்தெட்டு வயது. "ஆதரவில்லாத பிள்ளை, நன்மை கிடைக்கும்" என்று தரகுப் பெண் என்னிடமே சொன்னாள். நன்மை யாருக்கு என்று கேட்டு அனுப்பிவிட்டேன். இன்னொரு விடயமும் உண்டு. நமது முஸ்லிம் விவாகச் சட்டத்தில் பெண்ணுக்காக வலி கையெழுத்து வைப்பார். முஸ்லிமான தகப்பனோ சகோதரனோ இல்லாத பெண்ணுக்குக் காதி நீதிபதி அனுமதி கொடுக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதையே அறியாமல், "உனக்குத்தான் வலி இல்லையே, நாங்கள் சொல்கிறவரைக் கட்டு" என்று மிரட்டியவர்களையும் கண்டேன்.

ஏன் வெளியார் இந்தப் பெண்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்பதற்கு நமது பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. முதல் மனைவியை விவாகரத்துச் செய்யாமல் இரண்டாவது ஒருத்தியைக் கட்டுவதற்காகவே கலிமாவைச் சொன்ன ஆண்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். ரீட் என்பவரின் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்ஸில் 1960களில் அதை அனுமதித்தது. 1997இல் அபேசுந்தர வழக்கில்தான் நமது உயர் நீதிமன்றம் அந்தக் கதவை மூடியது. பொதுச் சட்டத்தின் கீழ் கட்டிய மனைவி இருக்கும்போது, மதம் மாறி இன்னொரு திருமணம் செய்தால் அது குற்றமே என்று தீர்த்தது. நல்ல தீர்ப்பு என்றே நான் சொல்வேன். கலிமாவைச் சட்டத்துக்குத் தப்பும் குறுக்குவழியாக்கியவர்களால், கண்ணீரோடு கலிமா சொன்னவர்களுக்குக் கெட்ட பெயர் வந்தது.

நங்கியை மிகவும் வாட்டியது இவை எதுவுமல்ல. வகுப்பில் யாரோ ஒரு பெண், "இனி உனக்கு அந்த உம்மா இல்லை, அவ காபிர், நினைக்கவும் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அன்று வந்து சாப்பிடாமல் படுத்தவள் மறுநாளும் எழும்பவில்லை. அபூபக்ர் (ரழி) அவர்களின் மகள் அஸ்மா (ரழி) அவர்களின் சம்பவத்தை நான் எடுத்துச் சொன்னேன். இணைவைப்பவராக இருந்த அவரது தாய் மகளைத் தேடி மதீனாவுக்கு வருகிறார். வீட்டுக்குள் எடுக்கலாமா என்று மகள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்கிறார். தாயோடு உறவைப் பேணி நடக்கும்படியே பதில் கிடைக்கிறது. புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். "அப்படியென்றால் நான் அம்மாவுக்குக் காசு அனுப்பலாமா?" என்று கேட்டாள். அனுப்பு என்றேன். மறுநாள் தபாற்கந்தோருக்குப் போகும்போது அவள் நடையே வேறாக இருந்தது.

நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில் மக்காவிலிருந்து ஹபஷாவுக்குப் போனவர்களின் சரித்திரத்தை நாம் மீலாத் மேடைகளில் கேட்கிறோம். பெண்களின் கண்ணால் அதைப் பார்த்ததுண்டா? முதலில் போன சின்னக் கூட்டத்தில் நபிகளாரின் மகள் ருகையா (ரழி) இருந்தார். உம்மு ஸலமா (ரழி) இருந்தார். நஜ்ஜாஷி மன்னரின் சபையில் நடந்ததையெல்லாம், ஜஃபர் (ரழி) ஸூரா மர்யமை ஓத மன்னர் அழுததை எல்லாம், நமக்கு அறிவித்தவரே உம்மு ஸலமா (ரழி) தான். துரத்தியவர்கள் சொந்த இனத்தார். இடம் கொடுத்தவர் ஒரு கிறிஸ்தவ மன்னர். அங்கேதான் அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) பிள்ளை பெற்றார். அங்கேதான் உம்மு ஹபீபா (ரழி) அவர்களின் கணவர் உபைதுல்லாஹ் இஸ்லாத்தை விட்டுக் கிறிஸ்தவரானார் என்று சரித்திர நூல்கள் சொல்கின்றன. அந்நிய நாட்டில், கைக்குழந்தையோடு, கணவன் வேறு வழி போக, தகப்பன் அபூ ஸுஃப்யான் மக்காவில் எதிரிகளின் தலைவனாக நிற்க, அந்தப் பெண் எப்படி ஒவ்வொரு இரவையும் கழித்திருப்பார்?

அந்த உபைதுல்லாஹ்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் அங்கேயே வாழ்ந்து அங்கேயே இறந்தார். அவரைக் கொல்லப் போனார்கள் என்று எந்தச் சரித்திரமும் இல்லை. 2006இல் ஆப்கானிஸ்தானில் அப்துர் ரஹ்மான் என்பவர் கிறிஸ்தவரானார் என்று சிறையிலிட்டு மரணதண்டனை என்று பேசினார்கள். கடைசியில் இத்தாலி அடைக்கலம் கொடுத்தது. சாரா மாலினிக்காகத் துஆக் கேட்ட நாம் அந்த மனிதர் விடயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தோம். எங்கள் நங்கிக்கு அண்ணன் செய்தது கொடுமை என்றால், நம் வீட்டில் அண்ணன் ஸ்தானத்தில் நிற்பவனும் அதையே செய்யக் கூடாதல்லவா? இதை எழுதினால் சிலர் முகஞ்சுளிப்பார்கள் என்று தெரியும். சுளிக்கட்டும்.

2011இல் அவசரகாலச் சட்டம் நீங்கிய மாதத்தில் அவள் மறுபடியும் வெளிநாடு போனாள். இந்தத் தரம் கத்தார். கட்டுநாயக்காவில் வழியனுப்பும்போது, "இங்கே நான் ஒளித்துத் தொழுகிறேன், அங்கே போய் வெளியே தொழப் போகிறேன்" என்றாள். புதிய வாழ்வு என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிறோம். அவள் வேலைக்குப் போன வீட்டில் நாலு மணிக்கு எழும்பி இரவு பதினொரு மணிக்குப் படுக்க வேண்டும். கடவுச்சீட்டு எசமானியின் பெட்டியில். வீடு மாறுவதானால் 2020 வரை அங்கே கபீலின் சம்மதம் வேண்டியிருந்தது. தொழுகைக்குச் சுதந்திரம் கிடைத்தது, தூக்கத்துக்குக் கிடைக்கவில்லை. முஸ்லிம் நாட்டில் முஸ்லிம் பணிப்பெண்ணுக்கே இப்படி என்பதை நாம் பேசுவதில்லை. ஐந்து வருஷம் அப்படி இருந்தவள், பின்னர் சிறு பிள்ளைகளின் காப்பகம் ஒன்றில் வேலைக்கு மாறினாள். இலங்கைப் பெண்கள் நால்வராகச் சேர்ந்து அறை எடுத்தார்கள். அதில் ஒருத்தி மருதானைக்காரி, கேகாலைக்காரி ஒருத்தி பௌத்தப் பெண். போயா தினத்தில் அந்தப் பெண் மரக்கறி மட்டும் சாப்பிடுவாளாம். அன்றைக்கு மற்ற மூவரும் அறையில் மீன் பொரிப்பதில்லையாம். சொல்லிச் சிரித்தாள்.

2020இல் கோவிட் வந்து, நம் மையித்துகளை இங்கே எரித்தார்களே, அந்த நாட்களில் அவள் நள்ளிரவில் தொலைபேசி எடுப்பாள். அடக்கம் செய்ய மறுபடி அனுமதி வர 2021 பெப்ரவரி ஆனது. "நான் அங்கே மௌத்தானால் அண்ணன் என்னைப் பன்சலைக்குக் கொண்டு போவான் என்றுதான் அக்கா இவ்வளவு நாளும் பயந்திருந்தேன். இப்போது பிறப்பிலேயே முஸ்லிமான உங்களுக்கும் அந்தப் பயமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கைபர் வெற்றியின்போது ஹபஷாக் கூட்டத்தார் கப்பலில் திரும்பி மதீனா வந்தார்கள். அப்போது அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்களிடம் உமர் (ரழி), ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திவிட்டோம், நபிகளாரிடம் எங்களுக்கே உரிமை அதிகம் என்கிறார். அந்தப் பெண்மணிக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் நபிகளாரின் பக்கத்தில் இருந்தீர்கள். உங்களில் பசித்தவருக்கு அவர் உணவளித்தார். நாங்களோ தூர தேசத்தில் துன்பப்பட்டோம் என்று சொல்லி, நேரே நபி (ஸல்) அவர்களிடமே போய்க் கேட்டார். அவர்களுக்கு ஒரு ஹிஜ்ரத், கப்பலில் வந்த உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத் என்று விடை வந்தது. அந்தச் செய்தியைக் கேட்க அபிசீனியாவிலிருந்து வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக அஸ்மாவிடம் வந்தார்களாம். இந்தச் சம்பவத்தை நான் சிங்களத்தில் எழுதி நங்கிக்கு அனுப்பினேன். காப்பகத்தில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் வாசித்தாளாம். அன்றே மூன்று தடவை வாசித்தேன் என்று பதில் வந்தது.

தாய் இப்போது இல்லை. மௌத்துச் செய்தியை அண்ணன் சொல்லவில்லை, மகள் சொன்னாள். மகளுக்குத் திருமணமாகி ஒரு ஆண் குழந்தையும் இருக்கிறது. அவள் பௌத்தப் பெண்ணாகவே இருக்கிறாள். அதை மாற்றச் சொல்லித் தாய் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கத்தாரிலிருந்து வீடியோவில் பேசுகிறார்கள். பேரன் தலைமுந்தானையைக் கண்டு "ஆச்சிக்குக் குளிரா?" என்று கேட்டானாம். அடுத்த நோன்புப் பெருநாளுக்கு விடுமுறை எடுத்து வருகிறாள். மகளும் மருமகனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து அவளைப் பார்ப்பதாகப் பேச்சு. மருமகன் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லையாம், கோழி புரியாணி போட்டால் சரி என்று இப்போதே சொல்லியனுப்பியிருக்கிறாள்.